திருப்பி வைத்த வீடுகள்

அழகு என்ற சொல்லை யாராவது வாய் நிறையச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். கட்டடப் படம் கீறிப் பிழைக்கிற ஒருவன் சொல்லக்கூடாத பேச்சு இது. வீடு கட்ட வருகிறவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் முதல் வீடு அழகாக இருக்க வேண்டும் என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன். அவர்கள் போன பிறகு எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவேன். இது ஒரு வியாதி என்கிறாள் என் மனைவி. வியாதிதான். எங்கே, எப்படித் தொற்றியது என்பதும் எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கப் போன முதல் வருடத்திலேயே எங்கள் வகுப்புக்கு மொடியூல் பைத்தியம் பிடித்துவிட்டது. விரிவுரையாளர் ஒருநாள் ஒரு பை நிறைய வெறும் நெருப்புப்பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஒரு பெட்டி ஓர் அலகு, அதுதான் மொடியூல். அதை வெட்டக்கூடாது, பெருப்பிக்கக்கூடாது. அடுக்கலாம், திருப்பலாம், கவிழ்க்கலாம். அதை மட்டும் வைத்து ஓர் ஊரை உண்டாக்குங்கள் என்றார். நானும் உண்டாக்கினேன். ஒரே பெட்டியைத் திருப்பித் திருப்பி வைக்க, நிழல் விழுகிற விதம் மாறியது, இடைவெளிகள் முற்றங்களாயின. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த வயதில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. விடுதியில் குளிக்கிற சவர்க்காரத்தைக்கூட நாலாக வெட்டி அடுக்கிப் பார்த்தேன்.

ஆனால் மொடியூலை முதன்முதலில் அங்கேதான் கண்டேன் என்றில்லை. ஊரில் எங்கள் வீட்டார் அதற்குள்தான் குடியிருந்தார்கள்.

எங்கள் ஊர் கல்முனைக்குப் பக்கத்தில், கடலோரம். சுனாமி வந்த காலையில் எங்கள் வீட்டையும் வாப்பாவையும் கடல் ஒன்றாகக் கொண்டுபோனது. வாப்பாவை மூன்றாம் நாள் கண்டெடுத்து அடக்கினோம். வீடு இருந்த இடத்தை அடையாளம் காட்டக் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. கடலிலிருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னதும் அந்தக் கிணற்றுக்கட்டும் எங்களுக்கு இல்லையென்று ஆயிற்று. உம்மாவும் எனக்கு மூத்த ராத்தாவும் நானும் தற்காலிகக் கொட்டில் ஒன்றுக்குப் போனோம். பலகைச் சுவர், தகரக் கூரை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒரு கொட்டிலில் இருமினால் மூன்றாம் கொட்டிலில் திரும்பிப் படுப்பார்கள். வரிசை முடிகிற இடத்தில் பொதுக் கக்கூஸ்கள் இருந்தன. அவை நிரம்பி வழியும். கழிவு அள்ளுகிற பவுசர் லொறி வருகிற நாளில் சோறு இறங்காது. ராத்தா பகல் முழுதும் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. காரணம் தெரியும், தெரிந்தும் அதைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை.

விடுமுறைக்கு வந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி, அந்தத் தகரக் கூரைகளை மேலிருந்து படமெடுத்துக்கொண்டு போனேன். அலகும் அதன் அடுக்கும் என்று தலைப்புப் போட்டு வகுப்பில் பெரிதாகக் காட்டினேன். கூரைகளின் வரிசையில் நல்ல தாளம் இருக்கிறது என்று விரிவுரையாளர் சொன்னார். வகுப்பு கைதட்டியது. அந்தக் கூரைகளில் எட்டாவதின் கீழே என் உம்மா வெந்துகொண்டிருந்தாள். நான் பெருமையோடு போய் என் கதிரையில் உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

ராத்தாவின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. அவளைக் கலியாணம் கட்டுகிறவன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடில்லாத பெண்ணுக்கு நிக்காஹ் இல்லை. உடன்பிறந்த ஆண்பிள்ளைகள் முதலில் அவளுக்கு ஒரு வீட்டை எழுப்பிவிட்டுத்தான் தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறப்பார்கள். கடல் கொண்டுபோனது ராத்தாவுக்கென்று வாப்பா மீன்பிடித் தோணிக்குப் போய்ப் போய்க் கட்டிய வீடு. மாப்பிள்ளையும் பேசி முடிந்திருந்தது. அவர் கட்டாரில் வேலை செய்தார். அவருடைய வாப்பா எங்கள் உம்மாவுக்கு அண்ணன் முறை, நாங்கள் மாமா என்போம். நல்ல மனிதர் என்று ஊரில் பெயரெடுத்தவர். அவர் கொட்டிலுக்கு வந்து வாசலில் நின்றபடியே உம்மாவிடம் சொன்னார்.

"அவசரமில்ல தங்கச்சி. வீட்ட வாங்கிட்டுச் சொல்லுங்க. புள்ளைய நாங்க கைவிட மாட்டம்."

அந்தப் பேச்சில் பாசமும் இருந்தது, கெடுவும் இருந்தது. ராத்தாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கொட்டிலுக்குள் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட உடுப்புத் தைத்தபடி, அவள் நாலரை வருடம் அந்த வீட்டுக்காகக் காத்திருந்தாள்.

ஊருக்கு மேற்கே வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டித்தர ஒரு வெளிநாட்டு நிறுவனம் முன்வந்தபோது ராத்தாவின் பெயரும் பட்டியலில் வந்தது. அந்த நிறுவனத்தின் கட்டடக்கலைஞர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஊர்ப்பிள்ளை, ஆங்கிலம் கதைப்பான், கட்டடக்கலை படிக்கிறான் என்று என்னை விடுமுறைகளில் உதவிக்கு எடுத்துக்கொண்டாள். உம்மா அன்றைக்கு அயலுக்கெல்லாம் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தாள். மகன் கீறுகிற வீட்டில்தான் மகள் வாழப்போகிறாள் என்று அவளுக்கு ஒரே புளகம்.

வெள்ளைக்காரி கீறிய வீடு எளிமையானது. இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, பின்பக்கம் கக்கூஸ். எல்லா வீடும் ஒரே அச்சு. அவற்றை அவள் ஒரே பக்கம் பார்த்தபடி நேர்வரிசையில் வைத்திருந்தாள். மறுபடியும் கொட்டில் வரிசை. சீமெந்தில் கட்டிய கோழிக்கூடு. நான் அட்டையில் வீடுகளை வெட்டியெடுத்து, நாலு நாலாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பி, பிள்ளைகள் விளையாடுகிற காற்றாடியைப் போல நடுவில் ஒரு முற்றத்தைச் சுற்றி வைத்தேன். ஒரு வீட்டு வாசல் இன்னொரு வீட்டு வாசலைப் பார்க்காது. முற்றத்தில் எந்த நேரமும் ஒரு பக்கம் நிழலிருக்கும். செலவும் ஏறாது. மேலிருந்து பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

அவள் அந்த அட்டைகளை நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கும் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். வீடுகளைத் திருப்பினால் உங்கள் ஆட்களுக்கு ஏதும் தடையுண்டா? மார்க்கத்திலோ வழக்கத்திலோ, இன்னது இன்ன திசையைப் பார்க்கக்கூடாது என்று ஏதாவது?

உண்டு. கிப்லாவுக்கு முகத்தையோ முதுகையோ காட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் கக்கூசில் குந்த மாட்டார்கள். தொழும்போது முகம் வைக்கிற அந்தக் கிப்லாத் திசை எங்களுக்கு மேற்கே. ஆகவே எங்கள் ஊரில் கக்கூஸ் பீங்கானை வடக்குத் தெற்காகத்தான் பதிப்பார்கள். இது ஓதிப் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதியல்ல. நடக்கப் பழகுகிற பிள்ளையை வேலியோரம் இருத்தும்போதே உம்மாமார் தோளைப் பிடித்துத் திருப்பித்தான் இருத்துவார்கள். என்னையும் அப்படித்தான் இருத்தியிருப்பார்கள். வெள்ளைக்காரியின் நேர்வரிசையில் எல்லாப் பீங்கானும் சரியாகத்தான் விழுந்திருந்தது. நான் திருப்பிய நாலில் இரண்டு பிழையாக விழுந்தன.

அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்றுதான் பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. குளிரூட்டிய அறை, கையில் கோப்பி, வெள்ளை மேசைமேல் வெள்ளை அட்டைகள். அவ்வளவு சுத்தமான இடத்தில் கக்கூசில் குந்துகிற கதையை எப்படி எடுப்பது? நாங்கள் குந்தும்போதுகூடத் திசை பார்க்கிற ஆட்கள் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வெட்கம் பிடுங்கியது. அந்தக் காற்றாடி கெட்டுப்போகுமே என்ற பயம் ஒரு பக்கம்.

"அப்படி ஒன்றுமில்லை, இந்தக் காலத்தில் யாரும் அதெல்லாம் பார்ப்பதில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் உச்சரிப்பு நன்றாக வந்தது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் பட்டேன்.

வேலை தொடங்கியது. வயலை நிரப்பிய மண்ணிலிருந்து அழுகிய வைக்கோல் வாடை எழும்பிக்கொண்டேயிருந்தது. கக்கூஸ் வேலைகளைக் குத்தகைக்கு எடுத்த மேசன் வீரமுனையைச் சேர்ந்த தமிழர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். வீரமுனைக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் பழைய இரத்தம் கிடக்கிறது. இரண்டு பக்கமும் அதை வாய்விட்டுச் சொல்லாது, மறக்கவும் செய்யாது. அந்த நாட்களில் அங்கிருந்து ஒருவர் சைக்கிளில் எங்கள் ஊருக்குள் வந்து வேலை செய்துவிட்டுப் போவது சின்னக் காரியமில்லை. அவர் வேலை சுத்தமாக இருந்தது, அதனால் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள்.

திருப்பி வைத்த முதல் வீட்டில் பீங்கான் பதிக்கிற அன்று அவர் கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு விசயம் கேக்கணும். இந்த வீட்டுக்குப் பீங்கான் மேக்குப் பாத்து வருது. உங்கட ஆக்கள் அப்பிடிக் குந்த மாட்டாங்களே. நான் இஞ்ச எத்தின வீட்டுக்குப் போட்டிருக்கன்."

இரண்டு வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் காது சுட்டது. என் மார்க்கத்தை எனக்கு வீரமுனையான் சொல்லித் தருவதா?

"பிளான் கீறினவங்களுக்குத் தெரியாதா அது? பிளானில இரிக்கிற மாதிரிப் போடுங்க."

"கோவிக்காதீங்க தம்பி. கேட்டன், அவ்வளவுதான்," என்றுவிட்டு அவர் போய்ப் பதித்தார். சீமெந்து இறுகுவதற்குள் அதை நிறுத்த எனக்கு ஒரு பகல் முழுதும் இருந்தது. நான் முற்றத்தின் நடுவில் நின்று நிழல் விழுகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். மொடியூலின் அளவுக்குள் அடக்குவதற்காகக் கக்கூஸ் அறையை மூன்றடி அகலத்துக்குச் சுருக்கியிருந்தோம். பிறகு திருப்ப நினைத்தாலும் பீங்கான் திரும்ப அங்கே இடமில்லை. அந்தச் சுருக்கமும் என் கெட்டித்தனம்தான்.

வீடுகள் முடிகிற காலத்தில் யுத்தம் முடிந்தது. கடைசி மாதங்களின் நெருக்கடியில் வெள்ளைக்காரி நாட்டைவிட்டே போயிருந்தாள். நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அரசாங்கம் வென்றதென்று தெருவெல்லாம் வெடி, சந்திக்குச் சந்தி பாற்சோறு. வகுப்பில் அன்று எங்கள் வேலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தோம். உம்மாவுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"இஞ்ச கடையெல்லாம் கொடி கட்டச் சொல்லிரிக்காங்க மனே. ஆக்களுக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காம இரிக்கவும் பயம். அந்த மேசனும் ஒரு கிழமையா வேலைக்கு வரல்லயாம்."

உம்மா சொன்னது எனக்குள் இறங்கவேயில்லை. என் படத்துக்கு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். புதுக் குடியிருப்பு முழுவதையும் அங்கிருந்த தண்ணீர்த் தாங்கியின் மேலிருந்து எடுத்த படம் அது. காற்றாடிக்குப் பக்கத்தில் காற்றாடியாக, அத்தனையும் சிவப்புக் கூரைகள். ஒரே அலகைத் திருப்பியதிலேயே இவ்வளவு அழகைக் கொண்டுவந்திருக்கிறான் என்று விரிவுரையாளர் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு வெடி வெடித்தது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

சில மாதங்களில் வீடுகளைக் கையளித்தார்கள். பெரியவர்கள் வந்தார்கள், நாடா வெட்டினார்கள், மேளம் அடித்தது. வீட்டு இலக்கங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். ராத்தா எடுத்த சீட்டு எந்த வீடு என்று இலக்கத்தைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திருப்பி வைத்ததில் ஒன்று. அவள் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். உம்மா பின்னால் போனாள்.

எங்கள் பெண்கள் புது வீட்டில் முதலில் மண்டபத்தைப் பார்க்க மாட்டார்கள், குசினியையும் கக்கூசையும்தான் திறந்து பார்ப்பார்கள். உம்மா கதவைத் திறந்தாள், வெளியே எட்டிச் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள், திரும்ப உள்ளே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

"அல்லாஹ்வே, இதென்ன அநியாயம்! கிப்லாவுக்கு நேரா வெச்சிரிக்கானுகளே!"

அதற்குள் பக்கத்து முற்றங்களிலும் சத்தம் எழும்பியது. பாதி வீடுகளில் பெண்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். மற்றப் பாதி வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். ராத்தா மட்டும் கக்கூஸ் வாசலில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தாள். அவள் சாவியை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். மௌலவி சமாதானமாகத்தான் தொடங்கினார். நாலு சுவருக்குள் என்றால் குற்றமில்லை என்று சொன்ன இமாம்களும் இருக்கிறார்கள் என்றார்.

"அப்ப மௌலவியே வந்து குந்தட்டும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது உம்மாவின் குரல். சிரிப்பும் கோபமுமாக மண்டபம் அமளிப்பட்டது. வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும் என்று கொஞ்ச நேரம் அவளைத் திட்டினார்கள். திட்டுவதற்கு அவள் அங்கே இல்லாததால் அது சலித்துப்போனது. அப்போது யாரோ கேட்டார்கள்.

"பீங்கான் பதிச்ச மேசன் ஆரு?"

"வீரமுனையான்."

"வேணுமெண்டுதான் செஞ்சிரிக்கான்," என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாயிலும் அதுதான். நம்மட கிப்லாவை அசிங்கப்படுத்த வேணுமெண்டே செய்தவன். மாமாவும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குள் முதலில் வந்தது என்ன? அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நிம்மதி. வயிறு இளகுகிற மாதிரி ஒரு நிம்மதி. வீட்டைத் திருப்பி வைத்தது நான் என்று தெரிந்தால் மாமா வீட்டார் ராத்தாவை வேண்டாம் என்றுவிடுவார்கள், அவளுக்காகத்தான் வாய் மூடியிருக்கிறேன் என்று மனது உடனே ஒரு காரணத்தையும் தைத்துக் கொடுத்தது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் மேசன் மிச்ச வேலைக்கு வந்தபோது ஊர்ப் பொடியன்கள் சந்தியில் மறித்திருக்கிறார்கள். அடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். சைக்கிளை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு, இனி இந்தப் பக்கம் கால் வைக்காதே என்று அனுப்பியிருக்கிறார்கள். செய்த வேலைக்கு மிச்சக் கூலியும் கொடுக்கவில்லை. போகும்போது அவர் சொன்னாராம், அந்தப் படிக்கிற தம்பியிடம் நான் கேட்டேன், அவர்தான் போடச் சொன்னார் என்று. அதை விசாரிக்க இரண்டு பேர் எங்கள் கொட்டிலுக்கு வந்தார்கள்.

"அவன் ஒன்னக்கிட்டக் கேட்டானாமே?"

ராத்தா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி ஒண்டும் கேட்ட ஞாபகமில்லயே," என்றேன்.

மெஷின் நின்றது. வந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. வீரமுனையான் பொய் சொல்லாமல் என்ன செய்வான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ராத்தா ஊசியிலிருந்து நூலை அறுத்தாள்.

"நீ பொய் சொன்னா காதச் சொறிவாய். சின்னதிலயே அப்பிடித்தான்."

நான் கையைக் கீழே போட்டேன்.

"ஒனக்காகத்தான் ராத்தா. மாமாக்கள் கேள்விப்பட்டா இந்தக் கலியாணம்..."

"என்ட பேரச் சொல்லாத. ஒன்ட பொய்ய என்ட தலையில கட்டாத." அவளுடைய குரல் உயரவில்லை. "துணிய வெட்டக்குள்ளயே நேர் பாத்துத்தான் வெட்டுவம். வடிவா இரிக்கெண்டு திருப்பி வெட்டினா ஆரு உடுப்பா? இது பத்தாம் வகுப்போட நிண்ட எனக்கே தெரியிது. ஒனக்கு அங்க என்னதான் படிப்பிச்சாங்க?"

அழகைப் பற்றித்தான் படிப்பித்தார்கள்.

பிழையாகத் திரும்பிய வீடுகளுக்குப் போனவர்கள் பீங்கானை உடைத்துத் திருப்பப் பார்த்தார்கள். மூன்றடி அகலத்தில் குந்துகிறவரின் முழங்கால் சுவரில் இடித்தது. ஆகவே அவர்கள் வெளியே வேறு கக்கூஸ் கட்டினார்கள். எங்கே கட்டுவது? இருந்த ஒரே வெற்றிடம் நடுமுற்றம்தான். ஒவ்வொரு காற்றாடியின் நடுவிலும், நான் நிழல் கணக்குப் பார்த்த அதே இடத்தில், தகரத்தாலும் பழைய பலகையாலும் இரண்டு கக்கூஸ்கள் எழும்பின. மழைக்குக் குழி ஊறி வழிந்தது. சரியான வீடு கிடைத்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாசலைத் திறந்தார்கள். வெயிலில் அந்தத் தகரம் சூடேறி விடுகிற நாற்றத்தை நான் இன்றைக்கும் இருந்த இடத்திலிருந்தே மூக்கில் எடுக்கிறேன். மேலிருந்து எடுத்த அந்தப் படம் அப்போதும் பல்கலைக்கழகத்தின் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ராத்தாவின் வீட்டுக்கும் முற்றத்தில் ஒன்றைக் கட்டி முடித்த கிழமையில், கலியாண நாள் வைக்க மாமாவும் மாமியும் வந்தார்கள். மாப்பிள்ளை லீவு எடுத்து வருகிற திகதியோடு வந்திருந்தார்கள். உம்மா விடிய எழும்பி வட்டிலப்பம் அவித்திருந்தாள். புது மண்டபத்தில் பாய் விரித்து, பூப்போட்ட பீங்கான் தட்டுகளை இரவலாக வாங்கி வைத்திருந்தாள். மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீடு அவருக்குப் பிடித்திருந்தது.

"எல்லாம் வடிவாத்தான் இரிக்கி. அந்த வீரமுனையான் செஞ்ச வேலதான்..." என்று தொடங்கினார்.

அறைத் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா வெளியே வந்தாள். நாள் வைக்கிற இடத்தில் பெண் வெளியே வருவது எங்கள் வழக்கமில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, திரைக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"மேசன் ஒண்டும் செய்யல்ல மாமா. வீட்டத் திருப்பிக் கீறினது தம்பி. இது பிழையெண்டு மேசன் கேட்டிரிக்கான். தம்பிதான் போடச் சொல்லியிரிக்கான். பிறகு கேட்டவங்களுக்குப் பொய்யும் சொன்னான்."

உம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமி மாமாவைப் பார்த்தாள். நாலரை வருடமாக இந்த ஒரு நாளுக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள், அதைத் தன் கையாலேயே தூக்கி எறிகிறாள் என்று நினைத்தேன். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் சிரித்தார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயரெடுத்த அதே சிரிப்பு.

"அதுக்கென்ன மகள், படிக்கிற புள்ள. ஒரு பிழை வாறதுதான். ஆரு செஞ்சது, நம்மட புள்ளதானே!"

மாமியும் சிரித்தாள். உம்மா மூச்சை விட்டாள். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். எந்தக் கலியாணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ஒரு மனிதனை ஊரைவிட்டு விரட்டவிட்டேனோ, அந்தக் கலியாணத்துக்கு என்னால் ஒரு கீறலும் விழ இருக்கவில்லை. வீரமுனையான் செய்திருந்தால் கிப்லாவுக்கு அவமானம். நான் செய்தால் படிக்கிற பிள்ளையின் பிழை. மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடக்கிறது, அதைப் போய் நான் வாங்கிக்கொள்ளாமல் இருந்திருக்கிறேன். எனக்கு அங்கேயே வாந்தி வரும்போல இருந்தது.

ராத்தா இன்னும் திரைக்கு முன்னால்தான் நின்றாள்.

"அப்ப அந்த மேசன்ட கூலியக் குடுத்து, அவன்ல பிழையில்லயெண்டு சொல்லணுமே மாமா? நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

"அது முடிஞ்ச கத மகள். இப்ப ஏன் அதக் கிளறுற? நல்ல நாளும் அதுவுமா," என்றார் மாமா.

ராத்தா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கு நான் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை. அதைத் தடுக்க இப்போது கலியாணமும் இல்லை, பயமும் இல்லை, வெள்ளை மேசையும் இல்லை.

மாமா ஒரு பெரிய வட்டிலப்பத் துண்டை வெட்டி என் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு மனே."

நான் சாப்பிட்டேன். கருப்பட்டி நன்றாக ஊறியிருந்தது. ராத்தா திரைக்குள் போனாள். மாமா இன்னொரு துண்டு வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.